வௌவால் ரத்தத்தின் வலு சூப்பில் இறங்குமா?

கேள்வி: அம்மாவுக்குப் பல வருடமாக ஆஸ்துமா. பழந்தின்னி வௌவால் கறி கொடுத்தால் குணமாகும் என்கிறார்கள் ஊரில். வௌவால் ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் அதிகம் என்று ஒரு வீடியோவிலும் பார்த்தேன். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் வீடியோவில் சொன்னதைச் சுத்தப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அதனால்தான் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

பறப்பதற்கு ஏகப்பட்ட ஆக்சிஜன் வேண்டும். பறக்கும்போது சிறு வௌவால்களின் இதயம் நிமிடத்துக்கு 1,000 முறை வரைகூடத் துடிக்கும். அவற்றின் ரத்தத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல் சிவப்பணுக்கள்தான். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, பிடித்த ஆக்சிஜனை விடும்போது எப்போதாவது ஓர் எலக்ட்ரானையும் சேர்த்துக் கொடுத்துவிடும். அந்த ஆக்சிஜன் சூப்பர்ஆக்சைடு என்ற ஆபத்தான வடிவமாகி, சிவப்பணுவையே அரிக்கத் தொடங்கும். ஒரு நொதி (என்சைம்) அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் அதையும் தண்ணீராக்கிவிடுகின்றன. வீடியோ சொன்ன ஆன்டிஆக்சிடன்ட் காவல் இதுதான். இதில் செலவாகும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறைத் திரும்பப் புதுப்பிக்கத் தேவையான சக்தி, சிவப்பணுவுக்குள் இருக்கும் குளுக்கோஸிலிருந்து வருகிறது.

பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. கெட்டுப்போன நொதிக்குப் பதில் புதியது செய்ய வழியில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும்போது கட்டிக்கொண்ட கட்டுச்சோறுதான் கடைசிவரை. நம் சிவப்பணு அதை வைத்துக்கொண்டு சுமார் 120 நாள் ஓட்டுகிறது.

மற்ற திசுக்களில் வௌவாலுக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு. வட அமெரிக்கச் சிறு பழுப்பு வௌவாலை ஆராய்ந்தபோது, அதன் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு), பயன்படுத்தும் ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் குறைவாகவே ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்குகிறது என்று தெரிந்தது. அதாவது, புகையை வெளியேற்றுவதோடு அடுப்பே குறைவாகப் புகைகிறது. சைபீரியாவில் சுமார் 7 கிராம் எடையுள்ள ஒரு வௌவால் குறைந்தது 41 வருடம் வாழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, சூப்புக்கு வருவோம். நான் சொன்ன நொதிகள் எல்லாம் புரதங்கள். கொதிக்கும்போதே சிதைந்துவிடும், மிச்சத்தை வயிறு செரித்துவிடும். கறியிலிருந்து நொதியாகவே அம்மாவின் சிவப்பணுவுக்குள் எதுவும் போய்ச் சேராது. போகவும் வேண்டியதில்லை, அவர் ரத்தத்திலேயே இதே நொதிகள் இருக்கின்றன. தவிர, ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும் நோய், சிவப்பணுவின் குறை இல்லை.

(ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுவில் இந்தக் காவல் பலவீனம். பீரோவில் போடும் அந்துருண்டைகூட அவர்களுக்கு ஆகாது.)

பலன்தான் இல்லை, ஆபத்து உண்டு. நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருக்கிறது. 2018இல் கோழிக்கோடு, மலப்புறம் பகுதியில் 17 பேர் அதற்குப் பலியானார்கள். நன்றாக வேகவைத்தால் வைரஸ் செத்துவிடும்தான். ஆனால் பிடிப்பவரும் தோலுரிப்பவரும் தொடுவது வேகாத உடம்பையல்லவா?

டாக்டர் கொடுத்த இன்ஹேலரை அம்மா சரியாக இழுக்கிறாரா என்று ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள். பலருக்கு மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. அழுத்தி இழுக்கும் வகை என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டு, கறிக்கு வைத்த பணத்தில் ஒரு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தி இழுக்கும் குழல்) வாங்கிக் கொடுங்கள்.