அப்டேட் மேல் பழி போடும் முன்

கேள்வி: விண்டோஸ் அப்டேட் ஏறியதிலிருந்து கணினி அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. அப்டேட்டை நீக்கினால் சரியாகுமா?

பதில்: முதலில் அந்தத் திரையில் வரும் பிழைக்குறியை எழுதி வையுங்கள். (விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை கறுப்பு. நிறம் மாறியதால் வியாதி மாறிவிடவில்லை.) எப்போதும் ஒரே குறியும் ஒரே கோப்பின் பெயரும் வந்தால் டிரைவரை (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருளை) சந்தேகிக்கலாம். முறைக்கொரு குறி வந்தால் முதல் சந்தேகம் ரேம் (தற்காலிக நினைவகம்) மீதுதான்.

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் நாள்வாரியான வரைபடம் ஒன்று திறக்கும். அப்டேட் ஏறிய தேதிக்கு முன்பே சிவப்புப் பெருக்கல் குறிகள் இருந்தால் அப்டேட் நிரபராதி. வாரக்கணக்கில் ஸ்லீப்பிலேயே வைத்து ஓட்டிய கணினி அப்டேட்டுக்காகத்தான் முழுதாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஏராளமான கோப்புகளை விரித்து எழுதுவதும் அப்போதுதான். அதுவரை பதுங்கியிருந்த ரேம் கோளாறு அந்த நேரம் பார்த்துத் தலைகாட்டும்.

ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே தொடங்கி (பூட் செய்து) நான்கு சுற்று ஓடவிடுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற, ரேமின் வேகத்தைக் கூட்டும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். வேகத்தைக் குறைத்ததும் பிழை மறைந்தால் அந்த வேகம்தான் ஒத்துவரவில்லை. மறையாவிட்டால் ஒவ்வொரு ரேமாக ஒரே ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். எல்லா ரேமும் பிழை காட்டினால் ஸ்லாட்டையோ மதர்போர்டையோ பார்க்க வேண்டும்.

ரேம் சுத்தம், வரைபடமும் அப்டேட்டைத்தான் காட்டுகிறது என்றால் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி வழியே போய் அதை நீக்கலாம்.

கேள்வி: அப்டேட் இறங்கவே மறுக்கிறது. பல இணையதளங்கள் 'பாதுகாப்பற்றது' என்கின்றன. கணினியில் தேதியும் பல வருடம் பின்னால் போய்விடுகிறது.

பதில்: மூன்றுக்கும் காரணம் ஒன்றே. இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, காலாவதித் தேதி என இரண்டு உண்டு. உங்கள் கணினியின் தேதிப்படி இன்றைய சான்றிதழ்கள் இன்னும் தொடங்கவே இல்லை. மதர்போர்டில் நாணயம் போல் இருக்கும் 2032 பேட்டரி (3 வோல்ட்) தீர்ந்திருக்கும். மின்இணைப்பை முழுதாகக் கழற்றிவிட்டு மாற்றுங்கள், கூட்டல் குறி மேலே இருக்க வேண்டும். பிறகு பயாஸில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: பேட்டரி போனால் பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போகலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். கையைவைக்கும் முன் அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்கும் மென்பொருள் மஞ்சளில் 'எச்சரிக்கை' காட்டுகிறது. உடனே மாற்ற வேண்டுமா?

பதில்: எந்த வரியில் காட்டுகிறது என்று பாருங்கள். வரிகளின் குறியில் 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்), சி5 என்பது படிக்க முடியாமல் தவிப்பவை. இவை வாரத்துக்கு வாரம் ஏறினால் இன்றே பேக்கப் எடுத்துவிட்டு வேறு டிஸ்க் வாங்குங்கள். தகவல் போகும் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான், அதை மாற்றிப் பாருங்கள். சி7 எண்ணிக்கை அதன்பின் குறையாது, மேலே ஏறாமல் நின்றாலே போதும்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, அப்டேட்டையே நிறுத்திவிட்டால்?

பதில்: 2017 மே மாதம் உலகைக் கலக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே திருத்தம் வந்திருந்தது. பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அதற்காக வந்த நாளே ஏற்றவும் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் திருத்தங்களை வெளியிடுகிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'பாஸ்' (Pause) கொடுத்து ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பயாஸ் அப்டேட் வேறு கதை: குறிப்பிட்ட கோளாறையோ பாதுகாப்பு ஓட்டையையோ சரிசெய்தால் மட்டும் போடுங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவைத்து.