கணினிக் கேள்வி பதில்: மாம்பழ சீசனில் அப்டேட் கிடையாது

கேள்வி: அண்ணா, எங்கள் ஊர்த் தக்காளி மண்டி ஒன்றுக்குக் கமிஷன் கணக்குப் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் நோட் ஜேஎஸ்தான். என் லேப்டாப்பில் ஜோராக ஓடுகிறது. மண்டியில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கிட்டில் (கோடையும் அதன் மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கருவி) இருந்த அதே புரோகிராம் கோடை இறக்கிப் போட்டால் பில் பிடிஎஃப் பாதியில் நின்றுவிடுகிறது. நான் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.
(வாசகர், பாலக்கோடு)

பதில்: நீங்கள் மாற்றவில்லை தம்பி, பிடிஎஃப் போட நீங்கள் சேர்த்த லைப்ரரியை (பிறர் எழுதி வைத்த ரெடிமேட் கோடு, பேக்கேஜ் என்றும் சொல்வார்கள்) எழுதியவர்கள் மாற்றியிருப்பார்கள். எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று எழுதியிருக்கும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலைத் திறந்து, பிடிஎஃப் லைப்ரரிக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக ^1.4.2 என்பதுபோல இருக்கும். முன்னால் நிற்கிற அந்தக் கூரைக் குறிதான் விஷயமே. '1.4.2 அல்லது அதற்கு மேல், 2.0.0-க்குக் கீழே எது வந்தாலும் சரி' என்று அதற்குப் பொருள். நீங்கள் எழுதிய அன்று 1.4.2 இறங்கியது. மண்டியில் 1.9.0 இறங்கியிருக்கலாம். முதல் எண் மாறாதவரை பழைய கோடு உடையாது என்பது வழக்கம்தான். ஆனால் அது எழுதுகிறவர்கள் கொடுக்கிற வாக்கு, அவ்வளவே. மீறினால் கேட்க ஆளில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. நீங்கள் கேட்ட லைப்ரரி தனக்கு வேண்டிய லைப்ரரிகளை இழுத்து வரும், அவை வேறு சிலவற்றை இழுத்து வரும். லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவிதான் என்பிஎம். அதில் 'என்பிஎம் எல்எஸ்' கட்டளையை 'ஆல்' சேர்த்து அடித்துப் பாருங்கள், மொத்தப் பட்டியலும் வரும். கல்யாணத்துக்கு ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைத்தால் தெருவே பந்தியில் உட்கார்ந்திருக்கும்.

இதற்காகத்தான் 2017-ல் வந்த என்பிஎம் 5, பேக்கேஜ் லாக் என்ற ஃபைலைத் தானாகவே எழுத ஆரம்பித்தது. இறங்கிய ஒவ்வொன்றின் சரியான வெர்ஷனும், அது மாறியிருக்கிறதா என்று சோதிக்க ஒரு ஹாஷும் (ஃபைலின் கைரேகை மாதிரி) அதில் இருக்கும். பார்க்க நீளமாக, அசிங்கமாக இருக்கிறது என்று பலர் அதைக் கிட்டில் சேராமல் ஒதுக்கும் கிட் இக்னோர் பட்டியலில் தள்ளிவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. லேப்டாப்பில் அந்த ஃபைல் இருந்தால் உடனே கிட்டில் பதிந்து வையுங்கள், அதாவது கமிட் செய்யுங்கள். மண்டியில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். அது லாக்கில் உள்ளதை மட்டுமே இறக்கும், பேக்கேஜ் ஜேசனும் லாக் ஃபைலும் ஒத்துப்போகாவிட்டால் எரர் காட்டி நின்றுவிடும். நோட் வெர்ஷனும் இரண்டு இடத்திலும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். அதுவரை லேப்டாப்பில் இறங்கிய லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள், சரியாக ஓடுகிற பிரதி இப்போதைக்கு அது ஒன்றுதான்.

கேள்வி: ரெடியாகப் பேக்கேஜ் இருக்கும்போது எதற்கு எழுத வேண்டும் என்கிறாள் என் ரூம்மேட். எல்லாவற்றையும் நீயே எழுதிப் பழகு என்கிறார் சீனியர். யார் சொல்வது சரி?
(இன்ஜினியரிங் மாணவி, பர்கூர்)

பதில்: என்ன வேலை என்பதைப் பொறுத்தது அம்மா. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். எழுத்துக்கு இடப்பக்கம் இடம் நிரப்புகிற 11 வரிக் கோடு, அவ்வளவுதான். அதை நம்பியிருந்த பேபல் (புது ஜாவாஸ்கிரிப்டைப் பழைய வடிவத்துக்கு மாற்றும் கருவி) உட்பட எத்தனையோ புரோகிராம்களின் பில்டுகள் (கோடை ஓடத் தயாராக்கும் வேலை) உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. அந்த வேலையைச் செய்ய இப்போது ஜாவாஸ்கிரிப்டிலேயே பேட்ஸ்டார்ட் இருக்கிறது. ரூபாய்க்கு லட்சம், கோடி கணக்கில் கமா போடக்கூடப் பேக்கேஜ் தேடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டில் நம்பர்ஃபார்மேட்டுக்கு 'ஈஎன்-ஐஎன்' என்று கொடுத்தால் 12,34,567 என்று அழகாக வந்துவிடும். முதலில் மொழியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் பாஸ்வேர்டு ஹாஷ், என்கிரிப்ஷன், பிடிஎஃப், டைம்ஸோன் இதெல்லாம் நீங்களே எழுதுவேன் என்று கிளம்பாதீர்கள். பலர் பல வருடம் அடிபட்டுத் திருத்திய கோடு அது. அப்புறம், ஏஐ சொல்கிற பேக்கேஜ் பெயரை அப்படியே இன்ஸ்டால் செய்யாதீர்கள். இல்லாத பெயரையும் அது கூசாமல் சொல்லும். அந்தப் பெயரை வேறு ஒருவன் பதிவுசெய்து கெட்ட கோடை வைத்திருந்தால் நேராக உங்கள் கம்ப்யூட்டருக்குள்தான் வரும்.

கேள்வி: பேக்கேஜ்களில் பாதுகாப்பு ஓட்டை தேடும் 'என்பிஎம் ஆடிட்' ஓட்டினால் பக்கம் பக்கமாக எச்சரிக்கை. எல்லாவற்றையும் இன்றே அப்டேட் செய் என்கிறார் மேனேஜர்.
(பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்: மேனேஜருக்குப் பயந்து 'என்பிஎம் ஆடிட் ஃபிக்ஸ்' கட்டளையை 'ஃபோர்ஸ்' சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அது முதல் எண்ணையே தாண்டி வெர்ஷனை மாற்றக்கூடியது. புரோகிராம் எழுதும்போது மட்டும் தேவைப்படும் டெவ் பேக்கேஜ்களை விலக்கிவிட்டு ஆடிட்டை மறுபடி ஓட்டுங்கள், பட்டியல் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. மிச்சத்தில், வெளியிலிருந்து வருகிற டேட்டா தொடுகிற இடம் எது என்று பாருங்கள். அது இன்றைக்கே. 2021 டிசம்பரில் ஜாவா உலகத்தில் லாக்4ஷெல் ஓட்டை வெளிவந்தபோது, புரோகிராமில் நடப்பதைப் பதிவு எழுதும் லாக்4ஜே லைப்ரரியை வைத்திருந்தவர்கள் தூங்காமல் மாற்றியது நியாயம். அந்தப் பதிவில் ஒரு வரி எழுத வைத்தாலே சர்வரைப் பிடித்துவிடலாம் என்ற நிலை.

மற்றவை ஒரு வாரம் பொறுக்கலாம். பொறுப்பதே நல்லது என்பேன். 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற பிரபலமான பேக்கேஜ்களைப் பராமரிப்பவரை ஃபிஷிங் மெயிலில் ஏமாற்றி, கெட்ட வெர்ஷன்களை ஏற்றிவிட்டார்கள். சில மணி நேரத்தில் எடுத்தும்விட்டார்கள். அந்த நேரத்தில் அவசரமாக அப்டேட் செய்தவர்களுக்குத்தான் ஆபத்து.

என் பிழைப்பு கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு எடைமேடை பில் சாஃப்ட்வேர் போடுவது. மே முதல் ஜூலை வரை எந்த லைப்ரரியிலும் கை வைப்பதில்லை, பாதுகாப்பு ஓட்டை தவிர. ராத்திரி 2 மணிக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் ரோடு வரை நிற்கும். அப்போது பில் வராவிட்டால் டிரைவரிடம் வெர்ஷன் எண் பேச முடியாது. சீசன் முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுவேன். ஒரு லைப்ரரிக்கு ஒரு கமிட். பத்தை ஒன்றாக ஏற்றினால் எது உடைத்தது என்று கண்டுபிடிக்க அடுத்த சீசனே வந்துவிடும்.

கேள்வி: கடைக்குப் புரோகிராம் எழுதித் தந்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். அவனிடம் என்னென்ன கேட்டு வாங்கி வைப்பது?
(ஹார்டுவேர் கடைக்காரர், காவேரிப்பட்டினம்)

பதில்: சோர்ஸ் கோடு, லாக் ஃபைல், எந்த வெர்ஷன் மொழியில் ஓடுகிறது என்ற குறிப்பு, இறக்கிய லைப்ரரிகள் அடங்கிய ஃபோல்டர். எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில். அவன் கிளம்பும் முன் வேறொரு கம்ப்யூட்டரில், நெட்டைத் துண்டித்துவிட்டு, அந்த டிஸ்க்கிலிருந்தே ஓட்டி ஒரு பில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பில் வந்தபிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.