மூன்று வாரத்தில் ஒரு முழுப் பாடம்: மகளை எடுக்க விடலாமா?

சிங்கப்பூர் செங்காங்கில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டிசம்பர் 18ஆம் தேதி வீட்டுக்கு வருகிறாள். ஜனவரி மூன்றாம் வாரம் திரும்ப வேண்டும். இந்த விடுமுறையில் புள்ளியியல் பாடத்தை இணையம் வழியாக முடித்துவிடலாம் என்கிறாள். டிசம்பர் 23 முதல் ஜனவரி 13 வரை, மூன்று வாரம், மூன்று கிரெடிட். அவளுடைய பல்கலைக்கழகத்தில் கட்டணம் அதிகம் என்பதால் அங்கே பக்கத்தில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுக் கல்லூரி) பதியப் பார்க்கிறாள். பொங்கலுக்குக் கும்பகோணம் போக ஜனவரி 11ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். எடுக்க விடலாமா? அரசு பயிற்சிக்காகக் கொடுத்த என்னுடைய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தை இதற்குப் பயன்படுத்த முடியுமா?"

எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு காரியம் நடக்க வேண்டும். அவளுடைய பல்கலைக்கழகம் இந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்ளும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நீங்கள் டிக்கெட் தேதியை மாற்ற வேண்டும். இதில் ஒன்று முடியாமல் போனாலும் இந்த ஆண்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மூன்று வாரப் பாடம் என்றதும் பலரும் அதைச் சின்னப் பாடம் என்று நினைத்துவிடுகிறார்கள். பாடம் சின்னதல்ல, காலம்தான் சின்னது. அமெரிக்கக் கல்லூரிக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு மேல் குறைந்தது இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். மூன்று கிரெடிட் என்றால் 45 மணி நேர வகுப்பும் 90 மணி நேரப் படிப்பும், மொத்தம் 135 மணி நேரம். அதை மூன்றால் வகுத்துப் பாருங்கள்: வாரத்துக்கு 45 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால் நாளுக்கு ஏழரை மணி நேரம். ஒரு முழுநேர வேலைக்குப் போவது போலத்தான். இன்னொரு விதத்திலும் கணக்குப் போடலாம். மூன்று வாரத்தில் ஏறக்குறைய 15 வேலை நாள் இருக்கிறது, சாதாரணத் தவணையில் (செமஸ்டரில்) 15 வாரம் இருக்கிறது. அப்படியானால் இங்கே ஒரு நாள் அங்கே ஒரு வாரம். மகள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் இரண்டு வாரப் பாடம் போய்விடும்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் ஐந்து பாடம் படித்துத் திணறும் பிள்ளைகள் சிலருக்கு ஒரே பாடத்தில் மூழ்கிப் படிப்பது நன்றாகவே பொருந்தும். நேற்றுப் படித்தது இன்று நினைவில் இருக்கும், நாளைக்கு அதன் மேலேயே அடுத்தது வரும். புள்ளியியல் அப்படி அடுக்கடுக்காகப் போகிற பாடம். ஆய்வுக்கூட வேலையும் இல்லை. வேதியியலோ உயிரியலோ என்றால் நான் இவ்வளவு எளிதாகச் சரி சொல்லமாட்டேன். இணையத்தில் செய்த ஆய்வுக்கூடப் பயிற்சியைப் பல துறைகள் ஏற்பதில்லை.

புள்ளியியலிலும் ஒரு சறுக்குப் பாறை இருக்கிறது. சராசரி, பரவல், நிகழ்தகவு என்று முதல் வாரம் இதமாகப் போகும். இரண்டாம் வாரம் நம்பக இடைவெளி, கருதுகோள் சோதனை, பி மதிப்பு என்று வரும்போதுதான் நல்ல பிள்ளைகளும் தடுமாறுவார்கள். சூத்திரம் கடினம் என்பதால் அல்ல. அந்த எண்ணம் மனத்தில் ஊற நாள் வேண்டும். 15 வாரத் தவணையில் அந்த நாள் தானாகக் கிடைக்கும், இங்கே கிடைக்காது. அதனால் பாடத்திட்டத்தையும் புத்தகத்தின் பெயரையும் இப்போதே ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, வகுப்பு தொடங்கும் முன் முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களை முடித்துவிடச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் மிச்சமாகும் நேரத்தை இரண்டாம் வாரத்துக்கு ஒதுக்கலாம். 18ஆம் தேதி வந்து இறங்குகிறாள், 23இல் வகுப்பு. பகல் இரவாகவும் இரவு பகலாகவும் மாறிய உடம்பு பழக அந்த ஐந்து நாளும் வேண்டும். அதற்குள் உறவினர் வீடு ஒவ்வொன்றாக அழைத்துப் போய்விடாதீர்கள்.

சரி, இப்போது ஒப்புதல் விஷயம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

வேறொரு கல்லூரியில் படித்த பாடத்தைத் தன் பல்கலைக்கழகத்துக்கு மாற்றும்போது மூன்று விதமாக முடியலாம். ஒன்று, அதே பாடத்துக்கு ஈடாக ஏற்பார்கள். இரண்டு, கிரெடிட் கொடுப்பார்கள், ஆனால் விருப்பப் பாடம் என்ற கணக்கில் சேர்ப்பார்கள். மூன்று, ஏற்கவே மாட்டார்கள். மூன்றாவது வந்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் கிரெடிட் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். நான் படித்த காலத்தில் எனக்கு நடந்தது இதுதான். ஒரு ஆலோசகர் வாய்வார்த்தையாக "அது சரியாகிவிடும்" என்றார். நம்பி எடுத்தேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பட்டத்துக்கான பட்டியலில் அது விருப்பப் பாடமாக உட்கார்ந்திருந்தது. கட்டாயப் பாடத்தை மறுபடி முழுத் தவணையும் படித்தேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் "எழுத்தில் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறேன்.

உளவியல் துறைகளில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். பல துறைகள் புள்ளியியலைத் தங்கள் பட்டத்தின் முதுகெலும்பாக வைத்திருக்கின்றன. பொதுவான புள்ளியியல் போதாது, உளவியல் மாணவர்களுக்கான புள்ளியியலே வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள். ஆகவே மகள் தன் துறை ஆலோசகருக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதட்டும். கல்லூரியின் பெயர், பாடத்தின் எண், தலைப்பு, கிரெடிட், எந்தத் தவணை என்று எல்லாவற்றையும் குறிப்பிட்டு, பாடத்திட்டத்தையும் இணைக்க வேண்டும். கேள்வி இப்படி இருக்கட்டும்: இந்தப் பாடம் என் பட்டத்தில் எந்தக் கட்டாயப் பாடத்துக்கு ஈடாகும்? குறைந்தபட்சம் என்ன கிரேடு வேண்டும்? இணையவழி, மூன்று வாரம் என்பதால் தடை உண்டா? "ஏற்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் "ஏற்போம்" என்ற பதில்தான் வரும், அது போதாது.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெளிக் கல்லூரியில் வாங்கிய கிரேடு பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஜிபிஏவில் (எல்லாப் பாடங்களின் சராசரிக் கிரேடில்) சேராது, கிரெடிட் மட்டும்தான் வரும். பெரும்பாலும் சி அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். ஜிபிஏவை உயர்த்தத்தான் இதை எடுக்கிறாள் என்றால் சமுதாயக் கல்லூரி உதவாது, சொந்தப் பல்கலைக்கழகத்தில்தான் எடுக்க வேண்டும். பாடம் முடிந்தால் போதும் என்றால் சமுதாயக் கல்லூரி சரி.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அங்கே பல பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவர்களுக்கு ஒரு தவணைக் கட்டணம் என்பது 12 கிரெடிட் எடுத்தாலும் 18 எடுத்தாலும் ஒன்றுதான். உங்கள் மகளின் பல்கலைக்கழகம் அப்படிப்பட்டதா என்று பாருங்கள். ஆம் என்றால், வரும் தவணையில் அதே பாடத்தை 15 கிரெடிட்டுக்கு மேல் ஒன்றாகச் சேர்த்து எடுத்தால் தனிக் கட்டணமே இருக்காது. குளிர்காலத் தவணைக்கோ தனியாகக் கட்ட வேண்டும். சமுதாயக் கல்லூரிகளும் வெளிநாட்டு மாணவர்களிடம் பெரும்பாலும் உள்ளூர்க் கட்டணம் வாங்குவதில்லை, அதைவிட அதிகம் கேட்பார்கள். விளம்பரத்தில் பார்க்கும் தொகை அந்த ஊர்க்காரர்களுக்கானது. பதியும் முன் வெளிநாட்டு மாணவர் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதைச் சிங்கப்பூர் வெள்ளியில் கணக்குப் போட்டு, அதன் பிறகு முடிவெடுங்கள். ஒரு பாடத்தை முன்கூட்டியே முடிப்பதால் மட்டும் பட்டம் ஒரு தவணை முன்னதாக வந்துவிடாது. பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், இது மூன்று. கனமான ஒரு தவணையில் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்பதுதான் இதன் உண்மையான பலன். அது சின்னப் பலன் அல்ல.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் உதவாது. அது 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர் தங்கள் சொந்தப் பயிற்சிக்கு, அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளுக்குப் பயன்படுத்துவதற்கானது. பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. விசாவைப் பொறுத்தவரை, தவணைகளுக்கு நடுவில் விடுமுறையில் எடுக்கும் பாடம் என்பதால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் ஜனவரியில் மூன்று கிரெடிட் எடுத்தாயிற்று, அடுத்த தவணையில் ஒன்பது போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தத் தவணையிலும் முழுநேர மாணவருக்கான 12 கிரெடிட் இருக்க வேண்டும் என்றே திட்டமிடட்டும். உபகாரச் சம்பளத்தில் படிக்கிறாள் என்றால் கொடுப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி டிக்கெட்டுக்கு வருகிறேன். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் நம்மைவிட 13 மணி நேரம் பின்னால் இருக்கிறது. "13ஆம் தேதி இரவு 11.59க்குள்" என்று அங்கே போட்டிருந்தால் நமக்கு அது 14ஆம் தேதி நண்பகல் 12.59. கும்பகோணத்தில் காலை 10.29. நீங்கள் 11ஆம் தேதி கிளம்பினால் இறுதித் தேர்வு நடக்கும் மூன்று நாளும் பயணத்திலும் ஊரிலும் போய்விடும். அதுவும் இறுதித் தேர்வு கேமரா முன் நடக்கும் கண்காணிப்புத் தேர்வாக இருந்தால், ஆள் நடமாட்டமில்லாத அறை, அறுந்துபோகாத இணையம், நல்ல வெளிச்சம் எல்லாம் வேண்டும். பொங்கலுக்கு முன் சொந்தக்காரர் நிறைந்த ஊர் வீட்டில் அது நடக்கிற காரியமா? 14ஆம் தேதி மாலைக்கு மேல் திருச்சிக்குப் போகும் விமானம் இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். பொங்கல் 15ஆம் தேதி வருகிற ஆண்டுகளில் பானை வைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். மாற்ற முடியவில்லை என்றால் பாடத்தை விட்டுவிடுங்கள், பொங்கலை விடவேண்டாம். பாடத்தை மே மாதம் தொடங்கும் கோடைத் தவணையிலும் எடுக்கலாம்.

அந்த 13 மணி நேரத்தைச் சாதகமாக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆசிரியரின் அலுவல் நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை என்றால் நமக்கு இரவு 10 முதல் விடியற்காலை 6 வரை. சந்தேகங்களை மகள் இரவு தூங்கப் போகும் முன் எழுதி அனுப்பினால் காலையில் எழும்போது பதில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். காலையில் அனுப்பினால் அந்தப் பகல் முழுவதும் காத்திருக்க வேண்டும். மூன்று வாரப் பாடத்தில் ஒரு பகல் எவ்வளவு பெரியது என்று மேலேயே பார்த்தோம். மார்கழியில் நீங்கள் விடியலில் எழுந்து கோயிலுக்குப் போகிறவராக இருந்தால் அவளையும் அப்போதே எழுப்பிவிடலாம். ஆறு மணிக்குத் தொடங்கினால் நண்பகல் கெடுவுக்கு முன் முழுதாக ஆறு மணி நேரம் கிடைக்கும். அப்புறம் மாலை முழுவதும் குடும்பத்துக்கு.

நேரலை வகுப்பு உண்டா என்பதையும் பதியும் முன் கேட்கவேண்டும். இணையவழிக் குளிர்காலப் பாடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே ஒளிப்பதிவு செய்தவையாகத்தான் இருக்கும். நேரலை என்றால், அங்கே காலை 10 மணி நமக்கு அதே நாள் இரவு 11. அங்கே மாலை 6 நமக்கு மறுநாள் காலை 7. காலை 7 பரவாயில்லை. தினமும் இரவு 11 மணிக்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும் வகுப்பு என்றால் நான் சேர்க்கமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் அங்கே பல கல்லூரி அலுவலகங்கள் மூடிக்கிடக்கும். கடவுச்சொல் வேலை செய்யவில்லை, கட்டணம் ஏறவில்லை, தேர்வு மென்பொருள் திறக்கவில்லை என்றால் கேட்க ஆள் இருக்காது. பதிவு, கட்டணம், புத்தகம், கணினியில் தேர்வு மென்பொருளை நிறுவிச் சோதித்துப் பார்ப்பது எல்லாம் டிசம்பர் 20க்குள் முடிந்திருக்க வேண்டும். விலகுவதற்கான கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு குறுகிய பாடத்தில் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் முதல் நாளாகவோ இரண்டாம் நாளாகவோ இருக்கலாம். அதற்குப் பிறகு விலகினால் பணமும் போகும், மதிப்பெண் பட்டியலில் விலகியதற்கான குறியும் நிற்கும். அதனால் முதல் இரண்டு நாள் பாடத்தை முழு மூச்சாகச் செய்து பார்க்கட்டும். முடியாது என்று தோன்றினால் அப்போதே சொல்ல அவளுக்கு வீட்டில் இடம் கொடுங்கள். "பணம் கட்டியாயிற்றே" என்ற பேச்சு அந்த இரண்டு நாளில் எழவே கூடாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தம்பி தங்கை இருந்தால், டிசம்பர் பள்ளி விடுமுறையில் அமைதி கிடைப்பது கடினம். படிக்க வட்டார நூலகங்களுக்குப் போகலாம், ஆனால் கிறிஸ்துமஸ் அன்றும் புத்தாண்டு அன்றும் மூடியிருக்கும். கண்காணிப்புத் தேர்வை நூலகத்தில் எழுத முடியாது. அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், யாராவது உள்ளே வந்தால் தேர்வையே சந்தேகப்படுவார்கள். தேர்வு நாளில் ஓர் அறையை அவளுக்கு விட்டு, கதவில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். அடையாளத்துக்குக் கடப்பிதழ் கையருகே இருக்கட்டும். தேர்வு முடியும்வரை வீட்டில் யாரும் இணையத்தில் படம் பார்க்கவேண்டாம், வைஃபை அவளுக்கே முழுதாகப் போகட்டும்.

பல்கலைக்கழகத்துக்கான மின்னஞ்சலை இன்றிரவே அனுப்பச் சொல்லுங்கள். பதில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு விமான நிறுவனத்தைக் கூப்பிட்டால் போதும்.