அறிவித்தலில் பிழை: மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோவிலின் திருக்குளிர்த்திச் சடங்கு அறிவித்தலில் ‘நன்கொடை கோறல்’ என்றும் ‘அம்மன் வீதி வளம் வருதல்’ என்றும் அச்சாகியுள்ளது. ‘கோவில்’ என்பதும் பிழைதானே? எழுதியவர்கள் இளைஞர் கழகத்துப் பிள்ளைகள். பதாதை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கோவில் நிர்வாகத்தைக் கவனிக்கும் வண்ணக்கரிடம் சொல்லலாமா? - வாசகி, கல்லடி

பதில்: ‘கோவில்’ பிழையன்று. ‘கோ’வும் ‘இல்’லும் சேரும்போது வகர உடம்படுமெய் தோன்றுவதே நன்னூல் விதி, ‘கோயில்’ நெடுங்கால வழக்கினால் நிலைபெற்ற வடிவம். சரியானதைப் பிழையென்று சொல்லப் போனால், உண்மையான பிழைகளைக் காட்டும்போதும் உங்கள் பேச்சு எடுபடாது.

மற்ற இரண்டும் பொருளையே மாற்றிவிடுவதால் அவற்றைச் சொல்லத்தான் வேண்டும். கேட்டுப் பெறுவது ‘கோரல்’. ‘கோறல்’ என்பது கொல்லுதல். ‘அறவினை யாதெனின் கொல்லாமை கோறல் பிறவினை எல்லாந் தரும்’ என்னும் 321ஆம் குறளில் வருவது இந்தச் சொல்லே. (நன்கொடையைக் கொல்லப்போவதாக அறிவிக்க எந்த நிர்வாக சபையும் விரும்பாது.) ‘வளம்’ செழிப்பைக் குறிக்கும், வலப்புறமாகச் சுற்றி வருவது ‘வலம்’. ரகர றகரங்கள் பலர் பேச்சில் ஒன்றாகவே ஒலிப்பதால், காதை நம்பி எழுதுபவர்கள், படித்தவர்களாக இருந்தாலும், இப்படித் தடுமாறுவதுண்டு.

வண்ணக்கரிடம் முதலில் போகாதீர்கள். நீங்கள் என்ன நினைத்துச் சொன்னாலும், அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்கும்போது அது முறைப்பாடாகிவிடும். எழுதிய பிள்ளையைத் தனியே கண்டு, “தம்பி, அறிவித்தல் வடிவா வந்திருக்கு, பதாதைக்குக் குடுக்க முன்னம் இந்த ரெண்டு சொல்லையும் ஒருக்காப் பாருங்க” என்று, சரியான வடிவங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். குறளை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் சிவப்பு வட்டமிட்டுப் போடுவதும், ஒட்டிய தாளில் பேனாவால் திருத்துவதும் கற்றுக்கொடுப்பதாகாது. பலர் முன்னே தலைகுனிய வைப்பதாகவே முடியும். காற்புள்ளி, இடைவெளி போன்றவற்றை இப்போது தொடவே வேண்டாம்.

ஏற்கனவே விநியோகித்த தாள்களைத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள். அடியார்களுக்கு நாளும் நேரமும் விளங்கினால் சரி. ஆனால் அச்சகத்துக் கணினியில் உள்ள பிரதியையும் திருத்தி வைக்கும்படி அந்தத் தம்பியிடம் கேளுங்கள். அடுத்த வைகாசியில் திகதியை மட்டும் மாற்றி அதையே மீண்டும் அச்சிடக்கூடும்.