கேம்ப்சைட் கேட்டுல பூம் பேரியர் விழுந்து கேரவன் டேமேஜ் ஆயிருச்சு, "ஓனர் ரிஸ்க்"னு போர்டு காட்டுறாங்க, காசு கேக்க முடியுமா?

முடியும். எங்க மச்சானுக்கு இதே மாதிரி ஒண்ணு நடந்து, நாங்க கேட்டு வாங்கிட்டோம். அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

தம்பி கேள்வியில எழுதியிருக்கறது இதான்: இடுக்கி மலையில ஒரு கேம்ப், ஜீப்புக்குப் பின்னாடி கேரவன் டிரைலர மாட்டிட்டு உள்ள போறாரு, ஜீப் தாண்டிருச்சு, டிரைலர் தாண்டுறதுக்குள்ள கேட்டுக் கம்பம் இறங்கி முன்கண்ணாடியும் கூரையோட ஃபைபரும் போச்சு, மேனேஜர் "ஓனர் ரிஸ்க்", அதாவது வண்டிக்கு என்ன ஆனாலும் வண்டிக்காரர் பொறுப்புன்னு எழுதின போர்டக் காட்டுறாரு, போதாக்கொறைக்கு "நீங்க ரொம்ப மெதுவா வந்தீங்க, அதான்"னும் சொல்றாரு.

நான் தேனி மாவட்டத்துல கம்பம்ங்கற ஊர்ல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கேன். குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட்டுகள்ல இருந்து கேட் மோட்டார், பூம் பேரியர் எல்லாம் ரிப்பேருக்கு வரும், நானும் மலையேறிப் போய் மாட்டிக் கொடுத்திருக்கேன். அதனால அந்த மேனேஜர் சொன்ன "மெதுவா வந்தீங்க"ங்கறதத்தான் நான் முதல்ல பிடிப்பேன். போர்டு அப்புறம்.

நல்ல பேரியர்னா ரோட்டுக்கு அடியில ஒரு கம்பிச்சுருள் பதிச்சிருப்பாங்க, லூப்னு சொல்லுவோம், மேல இரும்பு நின்னா அதுக்குத் தெரியும், வண்டி அதுமேல இருக்கற வரைக்கும் கம்பத்த எறக்காது. கூடவே ரெண்டு பக்கமும் முழங்கால் உயரத்துல ஃபோட்டோசெல் வெச்சிருப்பாங்க, ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒளிக்கதிர் போகும், குறுக்க எதாவது இருந்தா அந்த கதிர் அறுபட்டு கம்பம் நிக்கும். தனி வண்டிக்கு இது போதும். டிரைலருக்குத்தான் வில்லங்கமே. ஜீப்போட பின்பம்பர் தாண்டினதும் நடுவுல இருக்கறது அந்த இழுவைக் கம்பி ஒண்ணுதான், அது லூப்புக்கு ஒரு பொருட்டே இல்ல, ஃபோட்டோசெல் கதிரும் அதுக்கு மேல காலி இடத்துல போயிரும், உடனே கன்ட்ரோலர் பாக்ஸ் "வண்டி போயிருச்சு"ன்னு முடிவு பண்ணி கம்பத்த எறக்கும், கரெக்டா டிரைலர் மூக்குல. நீங்க கொஞ்சம் வேகமா போயிருந்தாலும் இது நடக்கலாம். டிரைலர் வர்ற இடத்துல கேட்ட கையில தொறந்து பிடிச்சு வெக்கணும், இல்ல இறங்குற டைமக் கூட்டி வெக்கணும், மாட்டுறவனுக்கு இது தெரியணும். "கேரவன் பார்க்கிங் உண்டு"ன்னு விளம்பரம் போட்டு காசு வாங்குற இடம், டிரைலர் வரும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்க முடியாது பாருங்க. உங்க கேஸோட உயிர்நாடி இதுதான். அவங்க விளம்பரத்த இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, நாளைக்கு அந்த வரிய தூக்கிருவாங்க.

இன்னும் மோசமான இடங்கள் இருக்கு, லூப்பும் கிடையாது ஃபோட்டோசெல்லும் கிடையாது, செக்யூரிட்டி கையில ஒரு ரிமோட், அவர் கண்ணால பாத்து அமுக்குறதுதான். எங்க மச்சானுக்கு நடந்தது அந்த ரகம்.

2023 மே மாசம். கேரளாவுல 2021ல கேரவன் டூரிசம்னு பாலிசி கொண்டு வந்தாங்க, 2022ல வாகமண்ல முதல் கேரவன் பார்க்கும் தொறந்தாங்க, அதப் பாத்து இந்தப் பக்கம் நாலு பேருக்கு ஆசை வந்துச்சு, அதுல மச்சானும் ஒருத்தன். பழைய டிராவலர் வேன் ஒண்ண வாங்கி கட்டில், சிங்க், கூரையில சோலார் பேனல், காத்துக்கு ரெண்டு வென்ட்னு மாத்தினான். நாங்க போனது குமுளிக்கு மேல ஒரு தனியார் எஸ்டேட்டுக்குள்ள இருக்கற கேம்ப். ராத்திரி எட்டு மணி, நல்ல மழை, முன்னாடி ஒரு கார் போச்சு, பின்னாடியே இவன். பாதி வண்டி உள்ள போனப்ப கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் ஓடி லைட்டு வந்ததும் கம்பம் தானா இறங்கிருச்சு. பாவம் அந்த செக்யூரிட்டி, வண்டிப்பெரியார் எஸ்டேட்டுத் தமிழர், "ஐயா நான் அமுக்கலைங்கய்யா, லைட்டு வந்தா இது இப்படித்தான் குதிக்கும், ரெண்டு மூணு தடவ ஆபீஸ்ல சொல்லிட்டேன்"னு வாய்விட்டுச் சொல்லிட்டாரு. நான் பக்கத்துல நின்னேன், போன்ல ரெக்கார்டு ஆகிட்டிருந்துச்சு. கடைசியில காச வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு வரிதான். அந்த மனுசனுக்கு வேலை போயிரக்கூடாதேன்னு எங்களுக்குக் கவலை, அதனால நோட்டீஸ்ல அவர் பேரப் போடல, "உங்க ஊழியர்"னு மட்டும் போட்டோம்.

மேனேஜர் வந்து போர்டு பக்கம் டார்ச் அடிச்சு மலையாளத்துல சத்தமா படிச்சாரு, "ஞங்ஙள்க்கு உத்தரவாதித்தமில்ல"ன்னு. மச்சான் என்னைப் பாத்து, "என்னடா, உத்தரவாதம்ங்கறான், கேரண்டி தர்றானா?"ன்னு கேட்டான். அந்த மழையிலயும் சிரிப்பு வந்துருச்சு. அங்க அந்த வார்த்தைக்கு பொறுப்புன்னு அர்த்தம், எங்களுக்குப் பொறுப்பில்லன்னு சொல்றாரு. மறுநாள் சொந்தக்காரங்ககிட்ட சொன்னா, அவங்க "கம்பத்துக்காரன் வண்டி மேல கம்பம் விழுந்துச்சாம்"னு இன்னிக்கு வரைக்கும் ஓட்டுறாங்க.

இப்ப போர்டு விஷயம். டெல்லியில ஒரு பெரிய ஹோட்டல், 1998ல வேலட் பார்க்கிங்ல விட்ட கார் திருடு போச்சு, டோக்கன்ல "ஓனர் ரிஸ்க்"னு அச்சடிச்சிருந்தாங்க. அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2019 நவம்பர்ல தீர்ப்பு வந்துச்சு: அப்படி எழுதி வெச்சுட்டு தன்னோட அஜாக்கிரதையில இருந்து ஹோட்டல் தப்பிக்க முடியாது, வண்டியக் காப்பாத்த ஒழுங்கா கவனம் எடுத்தோம்னு ஹோட்டல்தான் காட்டணும்னு. உங்களுது அச்சு அசலா அதே கேஸ் இல்ல, அங்க சாவிய அவங்ககிட்ட கொடுத்தாங்க, நீங்க நீங்களே ஓட்டிட்டுப் போனீங்க, அவங்க வக்கீல் இந்த வித்தியாசத்தக் கண்டிப்பா தூக்கிட்டு வருவாரு. ஆனா உங்க டிரைலர உடைச்சது ரோட்டுல போன குரங்கோ மரக்கிளையோ கிடையாது, அவங்க மெஷின், அவங்க கரண்ட்டு, அவங்க ஆளு. நுகர்வோர் சட்டம் 2019ல "சேவைக் குறைபாடு"ங்கறதுக்குக் கொடுத்திருக்கற விளக்கத்துலயே, சேவை தர்றவரோட அலட்சியத்தால நுகர்வோருக்கு நஷ்டம் வந்தா அதுவும் குறைபாடுன்னு இருக்கு. அதப் பிடிச்சுக்கங்க.

உங்க பக்கம் ஓட்டை இருக்கான்னும் நேர்மையா பாத்துக்கங்க. "ஒரு தடவைக்கு ஒரு வண்டி"ன்னு போர்டு இருந்து, முன்னாடி போன வண்டிய ஒட்டியே நீங்க நுழைஞ்சிருந்தா, கொஞ்சம் பழி உங்க மேலயும் வரும். மச்சான் விஷயத்துல அவங்க அதத்தான் சொன்னாங்க, ஓரளவு உண்மையும் கூட, அவன் ஒட்டித்தான் போனான், அதனாலதான் முழுத்தொகைக்குப் பிடிவாதம் பிடிக்கல.

இப்ப வேலைக்கு வருவோம், எப்போ நடந்துச்சுன்னு நீங்க எழுதல, ஒரு வாரத்துக்குள்ளன்னா நல்லது. கேட்டுக்கு மேல கேமரா இருந்தா அந்த ரெக்கார்டிங் ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சதும் தானா அழிஞ்சிரும், அதனால இன்னிக்கே மெயில்லயும் வாட்ஸ்அப்லயும், இந்தத் தேதி இந்த நேரம் ஃபுட்டேஜ அழிக்காதீங்க, எனக்கு ஒரு காப்பி வேணும்னு எழுதிருங்க. தரலேன்னாலும் பரவால்ல, கேட்டும் அழிச்சாங்கன்னா அது அவங்களுக்குத்தான் கெடுதல். பேரியரப் படம் எடுங்க, முழுசாவும், அந்த மோட்டார் பெட்டியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கரும், ரோட்டுல லூப் வெட்டின கோடு இருக்கா இல்லியான்னும், ஃபோட்டோசெல் இருந்தா அதுவும். லூப் பதிச்சிருந்தா தார்லயோ சிமெண்ட்லயோ செவ்வகமா ஒரு கீறல் தெரியும். அதே கேட்டுல வேற வண்டிக்கு அடிபட்டிருக்கான்னு ரிவ்யூ எல்லாம் தேடிப் பாருங்க, எங்களுக்கு ஒண்ணு கிடைச்சுச்சு.

கேரளாவுல போலீஸ் ஸ்டேஷன் போனா ஜி.டி. என்ட்ரி, அதாவது ஸ்டேஷன் டைரியில உங்க புகாரப் பதிஞ்சதோட காப்பி கேளுங்க, நம்ம ஊர்ல சி.எஸ்.ஆர். ரசீதுன்னு கேப்போமே, அது மாதிரி. போலீஸ் காசு வாங்கித் தர மாட்டாங்க, ஆனா இன்ஷூரன்ஸ்காரனும், நுகர்வோர் கோர்ட்டுன்னு சொல்ற நுகர்வோர் கமிஷனும் அந்தப் பேப்பரக் கேப்பாங்க.

இன்ஷூரன்ஸ் கிளைம் பண்ணலாமாங்கறதுதான் பலபேர் குழம்புற இடம். முதல்ல, டிரைலர் உங்க பாலிசியில தனியா சேர்த்திருக்கா? ஜீப்புக்கு மட்டும் போட்டிருந்தா டிரைலர் டேமேஜுக்கு ஒண்ணும் வராது. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தாலும் அதே கதைதான். வேன மாத்திக் கட்டினவங்களா இருந்தா அந்த மாற்றம் ஆர்சியில ஏறியிருக்கணும், இல்லேன்னா சர்வேயர் வந்ததும் முதல் கேள்வியே அதுதான். கிளைம் பண்ணினா ஃபைபருக்கு 30 சதவீதம், பிளாஸ்டிக் ரப்பருக்கு 50 சதவீதம் தேய்மானம்னு கழிப்பாங்க, கண்ணாடிக்குக் கழிக்க மாட்டாங்க, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி போட்டிருந்தா தப்பிச்சீங்க. அப்புறம் நோ கிளைம் போனஸ், கிளைமே பண்ணாத வருசத்துக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி, அது 20ல தொடங்கி 50 சதவீதம் வரைக்கும் அஞ்சு வருசமா சேத்தது மொத்தமா போயிரும். மச்சானுக்கு ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது சொந்த வண்டி சேதத்துக்குக் கட்டுறது, 14,000 சொச்சம், அதுல 35 சதவீத போனஸ்னா வருசத்துக்கு 4,900, அத இழக்கறதா வேண்டாமான்னு கணக்குப் போட்டு கிளைம் பண்ணாம நேரா கேம்ப் மேலயே போனோம். உங்க டேமேஜ் லட்சத்தத் தாண்டினா கணக்கு வேற, அப்ப கிளைம் பண்ணிட்டு, கம்பெனி கழிச்ச தொகையையும் போன போனஸையும் மட்டும் கேம்ப்கிட்ட கேளுங்க, ஒரே உடைசலுக்கு ரெண்டு பக்கமும் முழுசா வாங்க முடியாது. கம்பெனி கொடுத்த காச கம்பெனியே கேம்ப்கிட்ட இருந்து வசூல் பண்ணிக்கும்.

எங்களுக்கு உத்தமபாளையத்துல பாடி கட்டுறவர் கொடுத்த கொட்டேஷன் 71,400. சோலார் பேனல் ஒண்ணு, வென்ட் ரெண்டு, ஃபைபர் ஒட்டு, பெயிண்ட், ஒழுகாம சீலன்ட். மேனேஜர் அன்னிக்கு ராத்திரியே 5,000 ரூபாயும் ஒரு பேப்பரும் நீட்டினாரு, "இனி எந்த கோரிக்கையும் இல்ல"ன்னு. நல்லவேளை எங்க மாமா கூட இருந்தாரு, "பேப்பர் ஈரமாயிருக்கு மாப்ள, நாளைக்குக் கையெழுத்துப் போடலாம்"னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டாரு. நீங்களும் அந்த மாதிரி எதுலயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க.

நோட்டீஸ் வக்கீல் வெச்சுத்தான் அனுப்பணும்னு இல்ல, நாங்க நாங்களே எழுதி ஸ்பீட் போஸ்ட்ல விட்டோம், 15 நாள் டைம். என்ன நடந்துச்சு, ஏன் கம்பம் இறங்குச்சு, எவ்வளவு செலவு, எத்தன நாள்ல வேணும், அம்புட்டுதான். திட்டி எழுதாதீங்க. கூடவே, உங்களுக்கு பப்ளிக் லயபிலிட்டி பாலிசி (வர்றவங்களுக்கு நஷ்டம் வந்தா கட்டுற இன்ஷூரன்ஸ்) இருந்தா அந்தக் கம்பெனிக்கும் இதத் தெரிவிங்கன்னு ஒரு வரி போடுங்க, தன் கைக்காசு போகலேன்னு தெரிஞ்சா ஓனருங்க கொஞ்சம் இறங்கி வருவாங்க. பதிலே வரல, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குப் போன் போட்டுத் தமிழ்லயே புகார் கொடுத்தோம், அப்ப 10,000 தர்றேன்னாங்க.

கேரளா கோர்ட்டுக்கு அலையணுமேன்னு பயந்து விட்டுறாதீங்க, பார்டர்ல இருக்கற நம்மாளுங்க பாதிப் பேர் இதுக்கே விட்டுட்டுப் போறாங்க. நுகர்வோர் சட்டம் 2019 வந்ததுக்கு அப்புறம் நீங்க குடியிருக்கற இடத்துலயே போடலாம், நாங்க தேனி கமிஷன்லதான் போட்டோம், அவங்கதான் மலையிறங்கி வரணும். எந்த கமிஷன், எவ்வளவு ஃபீஸ்ங்கறது நீங்க கேக்கற நஷ்டஈட வெச்சு கிடையாது, நீங்க சேவைக்குக் கொடுத்த காச வெச்சு. கேம்புக்கு ரெண்டாயிரம் மூவாயிரம்தான் கட்டியிருப்பீங்க, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே இல்ல. சம்பவத்துல இருந்து 2 வருசத்துக்குள்ள போடணும். ஆன்லைன்லயே போடலாம், நாங்க போட்டப்ப அந்த வெப்சைட் பேரு இ-தாகில், இப்ப இ-ஜாக்ரிதின்னு வந்திருக்கு. கேம்புக்குக் கட்டின ரசீது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், ஏதோ ஒண்ணு கட்டாயம் வேணும், காசு கட்டின கஸ்டமர்னு காட்டினாத்தான் இதெல்லாம்.

கமிஷன் நோட்டீஸ் போய்ச் சேந்த வாரமே ஓனர் நேரடியா கூப்பிட்டாரு, அதுவரைக்கும் மேனேஜர்தான் பேசிட்டிருந்தாரு. ஓனர் நல்லாத்தான் பேசினாரு. செக்யூரிட்டி பேசின ஆடியோவப் போட்டுக் காட்டினோம், கொஞ்ச நேரம் சத்தமில்ல. 58,000க்கு முடிஞ்சுச்சு, பேங்க்ல காசு ஏறினதுக்கு அப்புறம்தான் கேஸ வாபஸ் வாங்கினோம். அந்த வரிசைய மாத்திராதீங்க.

மச்சான் இப்பவும் அதே கேம்புக்குத்தான் போறான், அருவி பக்கமாம், ரேட்டும் கம்மியாம். கேட்டுக்கு பத்தடி முன்னாடியே வண்டிய நிறுத்தி, எங்க அக்காவ இறக்கி விட்டு, தான் உள்ள போற வரைக்கும் கம்பத்தக் கையில பிடிச்சுக்கச் சொல்றான்.