பல்கலைக்கழகங்களின் சமூக அறிவியல் ஆய்வுகள் நாட்டின் தேவைகளை ஒட்டி இருக்க வேண்டுமா?

இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தேவை எது என்று யார் முடிவு செய்வது என்பதில்தான் எனக்கு வழக்கு.

நான் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் செய்தவள். பெண் விவசாயக் கூலிகளின் வருமானம் பற்றி ஒரு சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், எழுதிக்கொண்டு போனேன். கமிட்டியில், "பழைய டாபிக்மா. இப்போ அரசு எதுக்கு முன்னுரிமை குடுக்குதோ அதை எடு, ஃபண்டு வரும்" என்றார்கள். தலைப்பு டிஜிட்டல் பணப் பரிவர்த்தனை என்று மாறியது. 42 கேள்விகளோடு நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன்.

மூன்றாவது நாள், நடவு முடிந்து வந்த ஓர் அக்கா நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "போன்ல பணம் அனுப்புறது கிடக்கட்டும் பாப்பா. செவ்வாக்கிழமை குழுக் கடன் கட்டணும். அதைப் பத்தி ஏதாச்சும் கேள்வி வச்சிருக்கியா?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றுகூட இல்லை. அந்தத் தெருவில் நான் பேசிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் குழுக் கடன் தரும் இரண்டு மூன்று நிறுவனங்களின் தவணை அட்டைகள் இருந்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கியிருந்தார்கள். மழை பெய்து வேலை இல்லாத வாரத்தில் ஒருத்தி கட்டத் தவறினால் குழுவில் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும். அதில் அக்கா தங்கைகளே பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எல்லாவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தேன். பிறகு வாதாடி, ஆய்வேட்டில் ஆறு பக்கம் இடம் வாங்கினேன். இன்றைக்கும் என் ஆய்வை யாராவது கேட்டு வாங்கினால் அது அந்த ஆறு பக்கங்களுக்காகத்தான்.

இந்தக் கடன் நாட்டின் பிரச்சினை இல்லையா? முன்னுரிமைப் பட்டியல் போடுகிற மேசைக்கு அது அப்போது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம், சொந்த ஊரைப் பற்றியே விசாரித்து எழுதிவரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது போன்ற எளிய கேள்விகள். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம், கங்கைகொண்டான் என்ற ஊர்களைப் பற்றிய விவரங்கள் 1918இல் புத்தகமாக வந்தன. 1930களில் அதே பல்கலைக்கழகத்தார் அந்த ஊர்களுக்கு மறுபடியும் போனார்கள். அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். இருவேல்பட்டில் நிலத்தை வைத்து ஊரை ஆண்டவர்களின் பிடி எப்படித் தளர்ந்தது, கூலிக்காரர்கள் வயலை விட்டு வெளிவேலைக்கு எப்படி நகர்ந்தார்கள் என்று இன்று நம்மால் பேச முடிவது இதனால்தான். மூன்று வருடத் திட்டம், இறுதி அறிக்கை, கணக்கு முடிப்பு என்று ஓடும் ஆய்வில் இது வராது.

அரசு கேட்டுச் செய்யும் ஆய்வே கூடாது என்று சொல்லவில்லை. பெண்களின் நிலையை ஆராய 1971இல் மத்திய அரசே ஒரு குழு அமைத்தது. வீணா மஜும்தார் அதன் உறுப்பினர் செயலர். 1974இல் வந்த அறிக்கை அரசுக்கு இனிக்கவில்லை. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள், 1971இல் அது 930 ஆகிவிட்டது என்பதை அந்த அறிக்கை நாட்டின் முன்னால் வைத்தது. அதன்பின் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் பெண்கள் பற்றிய ஆய்வுகளுக்குத் தனியாக ஆதரவு தந்தது. கேள்வி அரசிடமிருந்து வந்தது, பதிலை ஆய்வாளர்கள் சுதந்திரமாகச் சொன்னார்கள். அந்த இரண்டாவது பாதி இருக்கும்வரை எனக்கு ஆட்சேபமே இல்லை.

பணமும் வேண்டும், சரி. 2018இல் சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் இம்ப்ரஸ் என்ற திட்டத்தை மத்திய அரசு அறிவித்தபோது 11 துறைகளில் 1,500 ஆய்வுகள், 414 கோடி ரூபாய் என்றார்கள். அந்தத் துறைகள் ஓரளவு அகலமானவை, விவசாயமும் வேலைவாய்ப்பும் அதில் உண்டு. ஆனால் 2019இல் கேரளாவிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம், முனைவர் பட்டத் தலைப்புகள் தேசிய முன்னுரிமைகளை ஒட்டியே இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, அதை எதிர்த்துப் பாடத்திட்டக் குழுவிலிருந்து ஒரு பேராசிரியர் விலகினார். அவர் பக்கம்தான் நானும். நிதி தருகிறவர் துறையைச் சொல்லலாம், இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் கேள்வியைப் பிடுங்கக் கூடாது.

அப்புறம் ஒன்று. ஆய்வு முடிந்ததும் அந்த ஊருக்குத் திரும்பிப் போய், கண்டதைத் தமிழில் சொல்ல வேண்டும். நான் அதைச் செய்ய நான்கு வருடம் ஆனது. போனபோது அந்த அக்கா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது என்னிடம் சேரும் மாணவர்களை முதல் பத்து நாள் கேள்வித்தாள் இல்லாமல்தான் களத்துக்கு அனுப்புகிறேன். போன வருடம் ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களின் திறன் பயிற்சி பற்றி ஆராய்வதாகப் போனார். திரும்பி வந்ததும், "மேடம், அவங்க எல்லாரும் பிள்ளைங்களை எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறதுன்னுதான் கேக்கிறாங்க. தலைப்பை மாத்திக்கலாமா?" என்றார். மாற்றினோம். இப்போது கேள்வித்தாளை இந்தியிலும் ஒடியாவிலும் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.