ஒரே அசிட்டோன், இரண்டு தாள்கள்: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் ஆய்வகத்துக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து அசிட்டோன் வருகிறது. இரண்டின் பாதுகாப்புத் தரவுத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காற்றில் இருக்கலாம் என்ற வரம்பு ஒன்றில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மற்றதில் 250. தீப்பற்றும் வெப்பநிலை (தீப்பொறி பட்டால் ஆவி பற்றத் தொடங்கும் வெப்பநிலை) வேறு, கையுறையும் வேறு. எது சரி?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். இரண்டிலும் சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய அடையாள எண், 67-64-1 தானா? கடைசியாகத் திருத்திய தேதி எது? எந்த நாட்டுக்காக எழுதிய தாள்? பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

வரம்பு விஷயமும் அப்படித்தான். 1000 பிபிஎம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1971-இல் வைத்த சட்ட வரம்பு, இன்றும் அதுதான் நடைமுறை. 250 என்பது அதே நாட்டின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நையோஷ் பரிந்துரைப்பது. ஐரோப்பியத் தாள்களில் பெரும்பாலும் 500 இருக்கும். பொருள் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. உங்கள் நாட்டுச் சட்டம் சொல்வதைத் தாண்டக் கூடாது. அதற்குள்ளும் ஆகக் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம்.

தீப்பற்றும் வெப்பநிலையை மூடிய கலத்தில் அளப்பதும் உண்டு, திறந்த கலத்தில் அளப்பதும் உண்டு. திறந்த கலத்தில் எண் கொஞ்சம் கூடும். −20 டிகிரியோ −17 டிகிரியோ, அறை வெப்பநிலையில் மூடியைத் திறந்தாலே பற்றக்கூடிய ஆவி தயாராக இருக்கும். இந்த மூன்று டிகிரிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் ஏமாற்றுவது ஆபத்தின் அளவைக் காட்டும் வகை எண். ஜிஎச்எஸ் என்ற உலகப் பொது வகைப்பாட்டு முறையில் 1 தான் மிக மோசம். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் வைர வடிவ எச்சரிக்கைக் கட்டத்தில் 4 தான் மிக மோசம். தீ அபாயத்துக்கு அசிட்டோன் முன்னதில் 2, பின்னதில் 3. இரண்டையும் ஒன்றாகப் படித்தால் தலைகீழாகிவிடும்.

சரி, கையுறை. தாளில் நான் அதிக நேரம் செலவிடுவது பாதுகாப்பு அணிகலன்களைச் சொல்லும் 8-ஆம் பிரிவில்தான். 'தகுந்த கையுறை அணியவும்' என்று மட்டும் எழுதிய தாளால் பயனில்லை. நல்ல தாள் பொருள், தடிமன், ஊடுருவ ஆகும் நேரம் மூன்றையும் சொல்லும்: பியூட்டைல் ரப்பர், 0.7 மி.மீ., 480 நிமிடத்துக்கு மேல் என்பதுபோல. நாம் தினமும் மாட்டுகிற மெல்லிய நீல நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களுக்குள் கடந்துவிடும். அது தெறிப்புக்கு மட்டும். நனைந்ததும் கழற்றிப் போட வேண்டும். உங்கள் தாள்களில் ஒன்று நைட்ரைல் என்றும் மற்றது பியூட்டைல் என்றும் சொன்னால், முன்னது தெறிப்பையும் பின்னது தொடர்ந்து நனைவதையும் மனதில் வைத்து எழுதியதா என்று பாருங்கள்.

அப்புறம் 'தரவு இல்லை' என்ற வரி. ஒரு தாளில் அப்படியும் மற்றதில் எண்ணும் இருந்தால், எண்ணுள்ள தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தரவு இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல.

கடைசியாக, எதோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லும் 10-ஆம் பிரிவு. சில தாள்கள் 'வலுவான ஆக்சிஜனேற்றிகள்' என்று எழுதி முடித்துக்கொள்ளும். சில, ஹைட்ரஜன் பெராக்சைடு, குளோரோஃபார்ம் என்று பெயர் சொல்லும். பெயர் சொல்லும் தாளையே கழிவுப் பாட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். காரம் கலந்திருக்கும் பாட்டிலில் அசிட்டோனும் குளோரோஃபார்மும் சேர்ந்தால் சூடேறி வெடிக்கவும் கூடும்.